மென்பொருள் சார்பு மேலாண்மை

மென்பொருள் சார்பு மேலாண்மை என்பது, ஒரு நிரலைக் கட்டமைக்கத் தேவையான, பிறர் எழுதிய நிரலகங்களின் உரிய பதிப்புகளைத் தருவித்து, அவை ஒன்றோடொன்று முரண்படாமல் பேணும் முறையாகும். பைத்தானில் பிப், ஜாவாவில் மேவன், ஜாவாஸ்கிரிப்டில் என்பிஎம் ஆகியவை இப்பணிக்கான கருவிகளுள் சில.

தேவை

'தருமபுரி' என்னும் மாவட்டப் பெயரில் 5 எழுத்துகள் உள்ளன. ஆனால் ஒருங்குறியில் உகர, இகரக் குறிகள் தனிக் குறியீடுகளாகச் சேமிக்கப்படுவதால், பைத்தானின் நீளம் காணும் கட்டளை 8 என்றே விடை தரும். தமிழ்ச் சொற்களை எழுத்தெண்ணிக்கைப்படி பிரிக்கும் நிரல் இதனால் பிழைபடும். ஓப்பன்-தமிழ் என்னும் திறமூல நிரலகம் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தருகிறது. அதைப் பயன்படுத்தும் நிரலுக்கு ஓப்பன்-தமிழ் ஒரு நேரடிச் சார்பு ஆகும்.

மறைமுகச் சார்புகள்

ஒரு நிரலகம் வேறு நிரலகங்களைச் சார்ந்திருக்கலாம். அவை நிரலாளர் அறியாமலே நிரலுக்குள் வந்து சேரும். 2016 மார்ச்சில், 11 வரிகளே கொண்ட லெஃப்ட்-பேட் என்னும் நிரலகத்தை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அதை மறைமுகமாகச் சார்ந்திருந்த பேபல் போன்ற கருவிகளின் கட்டமைப்புகள் தோல்வியுற்றன. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் ஜாவா நிரலகத்தில் கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. அந்த நிரலகம் தம் மென்பொருளில் இருப்பதையே அறியாதிருந்த நிறுவனங்கள், முதலில் அதைத் தேடிக் கண்டறிய வேண்டியதாயிற்று.

பேணும் முறைகள்

• பதிப்பு எண்ணைக் குறித்தல்: நிரல் சோதிக்கப்பட்ட பதிப்பைத் தேவைப் பட்டியலில் எழுதி வைத்தால், வேறு கணினியிலும் அதே பதிப்பு நிறுவப்படும்.
• பூட்டுக் கோப்பு: மறைமுகச் சார்புகளின் பதிப்புகளையும் சரிபார்ப்புக் குறிகளையும் பதிவு செய்கிறது. தருவித்த கோப்பு மாற்றப்பட்டிருந்தால் நிறுவல் நின்றுவிடும்.
• தனிச் சூழல்: ஒவ்வொரு திட்டத்துக்கும் நிரலகங்களைத் தனியே நிறுவினால், ஒன்றன் பதிப்பு மற்றொன்றைப் பாதிக்காது.
• உள்ளகப் படி: நிரலகங்களை முன்பே தருவித்து வைத்தால், இணையம் இல்லாத ஆய்வகத்திலும் நிறுவலாம். மூலக் களஞ்சியத்திலிருந்து ஒன்று நீக்கப்பட்டாலும் பணி தடைபடாது.

பதிப்பைப் பூட்டிய பின் புதுப்பிக்காமலே விட்டால், வெளியில் திருத்தப்பட்ட ஓட்டைகள் நிரலுக்குள் அப்படியே தங்கிவிடும். எனவே குறித்த கால இடைவெளியில் பட்டியலைச் சரிபார்த்து, புதிய பதிப்புகளைச் சோதித்து ஏற்பதும் சார்பு மேலாண்மையின் பகுதியாகும்.