விரல் நுனியில் சின்ன பல்பு... வேலையின் களைப்பைப் படம் பிடித்த தம்பதி!

கார்த்திகை தீபத்தன்று கிராமங்களில் மாவளி சுற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் பொதிந்து, பனைமட்டைக்கு நடுவே கட்டிச் சுற்றுவார்கள். சிதறுவதென்னவோ சின்னச் சின்ன தீப்பொறிகள்தான். ஆனால், இருட்டில் நம் கண்ணுக்கு ஒரு முழு நெருப்பு வட்டமே தெரியும்.

நம் கண் ஒரு விநாடிக்கும் குறைவான நேரம்தான் அந்த ஒளியைப் பிடித்து வைத்திருக்கும். கேமராவோ, அதன் ஷட்டர் திறந்திருக்கும் வரை வருகிற ஒளியை எல்லாம் ஒரே படத்தில் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஷட்டரைப் பத்து விநாடி திறந்து வைத்தால், பத்து விநாடி அசைவும் ஒரே கோடாகப் பதிவாகும். இதைத்தான் 'லாங் எக்ஸ்போஷர்' என்கிறார்கள். இருட்டில் விளக்கை அசைத்து இப்படிக் கோடு வரைந்தால் அது 'லைட் பெயின்ட்டிங்'.

இன்று இன்ஸ்டாகிராமில் லைக்ஸ் அள்ளும் இந்த விளையாட்டு, ஒரு காலத்தில் தொழிலாளியின் களைப்பைக் குறைக்கும் வழிகளைத் தேட உதவியது என்றால் நம்ப முடிகிறதா?

நோயாளியின் நடையில் தொடங்கிய கதை

1838-ல் பாரிஸின் பரபரப்பான ஒரு சாலையை லூயி டகேர் படம் எடுத்தார். படம் பதிவாகப் பல நிமிடங்கள் பிடித்தன. அதனால், ஓடிக்கொண்டிருந்த வண்டிகளும் மனிதர்களும் படத்தில் காணாமல் போனார்கள். ஓரமாக நின்று ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஒருவரின் உருவம் மட்டும் பதிந்தது. அசைகிற பொருள் லாங் எக்ஸ்போஷரில் மறைந்துவிடும்.

அப்படியென்றால், அசைகிற பொருளிலேயே விளக்கைக் கட்டினால்? 1889-ல் ஜார்ஜ் தெமெனி அதைச் செய்தார். பாரிஸில் எட்டியன் ஜூல் மாரே என்ற உடலியல் அறிஞரிடம் உதவியாளராக இருந்தவர் இவர். மனிதர்களின் மூட்டுகளில் சிறு பல்புகளைக் கட்டி நடக்கவிட்டுப் படம் எடுத்தார். உடல் மறைந்து, நடை மட்டும் கோடுகளாகத் தெரிந்தது. நோயால் நடை மாறியவர்களையும் இப்படிப் பதிவு செய்தார். உலகின் முதல் லைட் பெயின்ட்டிங்குகளாகச் சொல்லப்படுபவை இந்தப் படங்கள்தான்.

செங்கல் அடுக்கிய இளைஞர்

அமெரிக்காவைச் சேர்ந்த ஃபிராங்க் கில்பிரத், 17 வயதில் கொத்தனார் வேலை பழகப் போனார். அங்கே ஒரு விஷயம் அவரைக் குடைந்தது. ஒரே கொத்தனார், வேலை கற்றுத்தரும்போது ஒரு விதமாகவும், மெதுவாகச் செய்யும்போது இன்னொரு விதமாகவும், வேகம் கூட்டும்போது வேறு விதமாகவும் கையை அசைத்தார். இதில் எதுதான் சரியான முறை?

செங்கல் ஒவ்வொன்றுக்கும் கொத்தனார் தரைவரை குனிந்து நிமிர வேண்டியிருந்தது. கல்லோடு சேர்த்துத் தன் உடம்பையும் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டிருந்தார். கல்லும் கலவையும் இடுப்பு உயரத்தில் இருக்கும்படி சாரத்தை மாற்றினார் ஃபிராங்க். ஒரு கல்லுக்கு 18 ஆக இருந்த அசைவுகள் ஏறக்குறைய 5 ஆகக் குறைந்தன.

இந்தத் தேடலில் அவரோடு இணைந்தவர், அவர் மனைவி லில்லியன். உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். இவர்களுக்கு 12 குழந்தைகள். அப்பா வெயிஸ்ட்கோட்டுப் பொத்தானைக்கூடக் கீழிருந்து மேலாகத்தான் போடுவாராம். மேலிருந்து கீழே போட்டால் 7 விநாடி, கீழிருந்து மேலே என்றால் 3 விநாடி! இப்படி வீட்டுக்கதைகளைச் சொல்லி அவர் பிள்ளைகள் இருவர் எழுதிய புத்தகம் பின்னர் ஹாலிவுட் படமாகவும் வந்தது.

கோடு, புள்ளி, கம்பி

தொழிற்சாலையில் வேலை செய்பவரின் விரல் வேகத்தைக் கண்ணால் தொடர முடியவில்லை. எனவே 1910-களில் இந்தத் தம்பதி, தொழிலாளியின் விரலில் குட்டி பல்பைக் கட்டி, ஷட்டரைத் திறந்து வைத்துப் படம் எடுத்தார்கள். நேர்த்தியாக வேலை செய்பவரின் படத்தில் கோடு சீரான வளையமாக இருந்தது. தடுமாறியவரின் படத்திலோ சிக்கல் விழுந்த நூல்கண்டு.

கோடு, கை போன பாதையைச் சொன்னது, வேகத்தைச் சொல்லவில்லை. அதற்கும் வழி கண்டார்கள். மின்சாரத்தைச் சீரான இடைவெளியில் விட்டுவிட்டுக் கொடுத்ததும், கோடு புள்ளிகளாக மாறியது. புள்ளிகள் நெருங்கி இருந்தால் கை மெதுவாகப் போயிருக்கிறது. விலகி இருந்தால் வேகமாக. பிறகு அந்த ஒளிக்கோட்டையே கம்பியில் வளைத்து, 'இதுதான் உங்கள் கை போன வழி' என்று தொழிலாளிகளிடம் காட்டினார்கள்.

அந்தக் காலத்தில் ஸ்டாப்வாட்சோடு வருகிறவரைக் கண்டாலே தொழிலாளர்களுக்குச் சந்தேகம். 'வேலையை இன்னும் பிழியப் பார்க்கிறார்கள்' என்ற பயம் அது. அதில் நியாயமும் இருந்தது. கையின் அசைவைக் குறைத்து மிச்சமாகும் நேரம், முதலாளியின் கணக்கில் சேருமா, தொழிலாளியின் ஓய்வில் சேருமா என்று படம் சொல்லாதே! கில்பிரத் தம்பதி 1916-ல் வெளியிட்ட புத்தகம், களைப்பைக் குறைப்பதையே பொருளாகக் கொண்டது. முதல் உலகப்போரில் கை, கால் இழந்தவர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்பும் வழிகளையும் ஆராய்ந்து, 1920-ல் புத்தகமாக்கினார்கள்.

1924-ல் ஃபிராங்க் திடீரென்று இறந்துபோனார். லில்லியனிடம் இருந்தது 11 குழந்தைகளும் கணவரோடு சேர்ந்து செய்த ஆய்வுகளும்தான். ஒரு பெண்ணிடம் ஆலோசனை கேட்க பல நிறுவனங்கள் தயங்கின. லில்லியன் தன் கவனத்தைச் சமையலறைப் பக்கமும் திருப்பினார். அடுப்பும் மேடையும் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எது எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆராய்ந்தார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டி அவர் யோசனை என்றே சொல்லப்படுகிறது. 1965-ல் அமெரிக்காவின் தேசியப் பொறியியல் அகாடமிக்குத் தேர்வான முதல் பெண்ணும் இவர்தான்.

15 நிமிடம் கேட்ட பிக்காசோ

கலைஞர்களும் இந்த ஒளிக்கோட்டை விடவில்லை. 1949-ல் ஜோன் மிலி என்ற புகைப்படக்காரர், ஐஸ் ஸ்கேட்டிங் காலணியில் விளக்கு கட்டி எடுத்த படங்களை ஓவியர் பிக்காசோவிடம் காட்டினார். சோதனைக்கு 15 நிமிடம்தான் தருவேன் என்ற பிக்காசோ, பிறகு ஐந்து முறை போஸ் கொடுத்தார். இருட்டறையில் சின்ன டார்ச்சால் காளை, மனித முகம் என்று காற்றிலேயே வரைந்தார். அவர் கண்ணுக்கே தெரியாத அந்த ஓவியங்கள் கேமராவில் மட்டும் பதிந்தன.

உங்கள் போனிலேயே செய்யலாம்!

* அறையை நன்றாக இருட்டாக்குங்கள். போனை டிரைபாடிலோ, புத்தக அடுக்கின் மேலோ ஆடாமல் நிறுத்துங்கள்.

* கேமராவில் 'ப்ரோ மோட்' இருந்தால் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 8 அல்லது 10 விநாடி வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஐபோனில் லைவ் போட்டோ எடுத்து, அதை 'லாங் எக்ஸ்போஷர்' ஆக மாற்றிக்கொள்ளலாம். அது சில விநாடி அசைவைத்தான் பிடிக்கும்.

* விளக்கு இருக்கும் இடத்தில் முதலில் ஃபோகஸை லாக் செய்யுங்கள். 3 விநாடி டைமர் வைத்தால் விரல் பட்டு போன் ஆடாது.

* கறுப்பு உடை போட்டு, நிற்காமல் அசையுங்கள். உங்கள் உருவம் மறைந்து கோடு மட்டும் விழும். படம் வெளுத்துப்போனால் ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள்.

* டார்ச்சின் மேல் வண்ண மிட்டாய் பேப்பரைச் சுற்றினால் கலர் கோடு கிடைக்கும். சைக்கிளின் மினுக்கும் பின்விளக்கை எடுத்து அசைத்தால், கில்பிரத் தம்பதியின் புள்ளிக்கோடும் தயார்.

* குழந்தைகள் கையில் மத்தாப்பு, மெழுகுவத்தி வேண்டாம். சின்ன எல்இடி விளக்கே போதும்.

பெயர் எழுதி, பூ வரைந்து விளையாடிய பிறகு ஒன்று செய்து பாருங்கள். அடுப்பைப் பற்றவைக்காமல், அம்மாவின் மணிக்கட்டில் ஒரு எல்இடியைக் கட்டி, சாம்பாருக்குச் சாமான் எடுப்பதுபோல் பத்து விநாடி நடித்துக் காட்டச் சொல்லுங்கள். உப்பு ஜாடிக்கும் அஞ்சறைப்பெட்டிக்கும் அந்தக் கை எவ்வளவு தூரம் போய் வருகிறது என்பது படத்தில் தெரியும். ஒரு நாளில் அது எத்தனை முறை என்று அம்மாவிடமே கேளுங்கள். பிறகு உப்பு ஜாடியை எங்கே நகர்த்தி வைப்பது என்று முடிவு செய்யலாம்.