களவுபோன கடவுச்சொல்

2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் விளையாட்டு வலையமைப்பினுட் கள்வர் புகுந்தனர். ஏறத்தாழ 7 கோடியே 70 இலட்சம் கணக்குகளின் விவரங்கள் அவர்கள் கைப்பட்டிருக்கலாமென அறிவிக்கப்பட்டது. பெயர், முகவரி, பிறந்த திகதி, கடவுச்சொல் ஆகியன அவற்றுள் அடங்கும்.

விளையாட்டுக் கணக்குத்தானே என்பாருமுளர். கள்வன் விழைவது விளையாட்டையன்று. ஒரே கடவுச்சொல்லை எங்கும் வழங்குவோர் பலராதலின், அதனைக் கொண்டு ஏனைய பூட்டுக்களையும் அவன் திறக்க முயல்வான். ஆதலின் முதற்கண் மாற்றற்பாலது மின்னஞ்சலின் கடவுச்சொல்லே. மறந்த கடவுச்சொற்கள் பெரும்பாலும் அவ்வழியே மீட்கப்படுகின்றன. றொசல்லயிலே தாயின் கையடக்கத் தொலைபேசியிற் பிள்ளை விளையாடும் வீடுகளில், அவள் வங்கி அட்டையின் எண் அக்கணக்கிற் பதிந்துள்ளதாவென நோக்குக.

பிறந்த திகதியையோ மாற்றவியலாது. அதனைப் பிழையின்றிக் கூறி, வங்கியிலிருந்து பேசுவதாக எவரேனும் அழைப்பின், தொலைபேசிக்கு வந்த இரகசிய எண்ணை உரையாதொழிக. அழைப்பைத் துண்டித்து, அட்டையின் பின்புறத்துள்ள எண்ணுக்கு நாமே பேசுதல் தகும்.