மிதப்பதும் மூழ்குவதும்: தாராவியில் ஒரு சூழல் வகுப்பு

எங்கள் வகுப்பில் சூழல் பாடத்துக்கு ஒரு பக்கெட் தண்ணீர் வேண்டும். பால் கவரில் வெட்டிய துண்டு, தண்ணீர் பாட்டிலில் வெட்டிய துண்டு, அதே பாட்டிலின் மூடி என்று மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன்னால் பிள்ளைகளிடம் கேட்பேன்: மிதக்குமா, மூழ்குமா? துண்டை விரலால் ஒருமுறை அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழை விரட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூழ்க வேண்டியதும் மேலேயே நிற்கும். பால் கவர் மிதக்கும். மூடி மிதக்கும். பாட்டில் துண்டு நேரே அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். "ஒரே பாட்டில்தானே டீச்சர், மூடி மட்டும் ஏன் மிதக்குது?" என்று யாராவது ஒரு குழந்தை கேட்டே தீரும்.

பாட்டில் 'பெட்' என்ற வகைப் பிளாஸ்டிக். அதே அளவு தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம். மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். இரண்டும் தண்ணீரைவிட லேசு. பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருப்பதையும், டிபன் டப்பாவின் அடியில் 5 இருப்பதையும் அன்றைக்குத்தான் பிள்ளைகள் புரட்டிப் பார்ப்பார்கள். மறுசுழற்சித் தொழிலில் பிளாஸ்டிக்கைப் பிரிக்கும் வழிகளில் இந்தத் தண்ணீர்ச் சோதனையும் ஒன்று.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அதில் தமிழும் உண்டு. தாராவியில் அப்படியொரு தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. என் வகுப்புப் பிள்ளைகளில் சிலருடைய அப்பாவுக்கு 13ஆம் காம்பவுண்டில் பங்கார் வேலை, அதாவது பழைய பொருள்களை வாங்கிப் பிரித்து விற்கும் வேலை. ஊர் முழுக்கத் தூக்கியெறிந்த பிளாஸ்டிக் அங்கே வந்து, வகைவாரியாகவும் நிறவாரியாகவும் பிரிந்து, மிஷினில் பொடியாகி, கழுவி, கூரைமேல் காய்ந்து, உருகி, கடைசியில் 'தானா' என்ற குருணையாக மூட்டையில் ஏறுகிறது. நாடெங்கும் பேசப்படும் மறுசுழற்சி எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் போகிற வழி.

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், பள்ளிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டு சொன்னது. மகாராஷ்டிரத்தில் தொடக்க வகுப்புகளில் அது 'பரிசர் அப்யாஸ்' என்ற பெயரில் இருக்கிறது. பாடம் வந்துவிட்டது. ஆனால் பல பள்ளிகளில் அது ஜூன் 5ஆம் தேதி ஒரு சார்ட் பேப்பர், ஒரு மரக்கன்று, ஒரு ஊர்வலம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. 'குப்பையைத் தொட்டியில் போடுவோம்' என்று எழுதி ஒட்டுகிறோம். தொட்டியிலிருந்து அது எங்கே போகிறது, யார் கை அதைத் தொடுகிறது என்று எழுதுவதில்லை. என் பிள்ளைகளுக்கு அந்தக் கை யாருடையது என்று தெரியும். சூழல் பாடம் அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

தராசும் நோட்டும்

வாரம் ஒரு நாள் வகுப்பின் குப்பையை எடைபோடுகிறோம். மூன்று பைகள். பழத்தோல், சாப்பாட்டு மிச்சம் போன்ற ஈரக் குப்பை ஒன்றில். பங்கார் கடை விலைகொடுத்து வாங்கும் காகிதமும் பாட்டிலும் ஒன்றில். பங்கார் கடைகூட வேண்டாம் என்று தள்ளிவிடுவது மூன்றாவதில். பிள்ளைகள் முறைவைத்துத் தராசைப் பிடித்து நோட்டில் எழுதுவார்கள். மூன்றாவது பையைத் திறந்தால் பெரும்பாலும் சிப்ஸ் பாக்கெட்தான். அதில் பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியப் படலமும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பிரித்தெடுக்கும் செலவு கட்டுப்படியாகாது. ஐந்து ரூபாய் கொடுத்து வாங்கியதன் உறைக்கு ஐந்து பைசாகூடத் தேறாது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தபோது, நான் வேறு அறிவுரை சொல்லத் தேவையிருக்கவில்லை. பால் கவரின் மூலையை முழுதாக வெட்டி எறியாமல், கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டச் சொல்லி வீட்டில் பாடம் எடுத்தவர்களும் இவர்கள்தான். அந்தச் சின்ன முக்கோணத் துண்டைப் பொறுக்க யாராலும் முடியாது. அது நேரே சாக்கடைக்குப் போகும்.

இந்த வேலையைத் தொடங்கியபோது ஒரு தாய் பள்ளிக்கு வந்தார். "குப்பையில கை வைக்க வேணாம்னுதானே டீச்சரம்மா இவள இங்க அனுப்புறேன்?" என்றார். அவர் கேட்டதில் முழு நியாயம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சிலர் தலையில் மட்டும் இந்த வேலையைக் கட்டி, அதற்காகவே அவர்களை இழிவாகவும் நடத்திய நாடு இது. பள்ளியும் அதையே செய்துவிடக் கூடாது. எங்கள் வகுப்பில் சில விதிகள் உண்டு. வீட்டிலிருந்து கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் மட்டுமே சோதனைக்கு வரும். முறை எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. துடைப்பமும் கழிப்பறையும் எந்தக் குழந்தைக்கும் 'புராஜெக்ட்' ஆகாது. அந்தத் தாயிடம் இதையெல்லாம் சொன்னேன். பிறகு அவர் கணவரையே வகுப்புக்கு அழைத்தேன். அவர் இரண்டு துண்டுகளைத் தரையில் தட்டி, சத்தத்தை வைத்தே வகையைச் சொன்னார். பக்கெட்டில் போட்டுப் பார்த்தோம், இரண்டும் சரி. அன்று முழுக்கப் பிள்ளைகள் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

குப்பை மேட்டில் ஒரு காடு

தாராவியை ஒட்டி, சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையில், மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. சுமார் 37 ஏக்கர். 1970கள் வரை அது மாநகரத்தின் குப்பைமேடு. குப்பையின்மேல் மண் பரப்பி மரம் வளர்க்கத் திட்டமிட்டு, 1983இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி முதல் கன்றை நட்டார். 1994 ஏப்ரல் 22, புவி நாளன்று பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் வந்து கற்க வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

அங்கே போனால் நாங்கள் மரத்தின் பெயரை மனப்பாடம் செய்வதில்லை. ஆளுக்கொரு பூதக்கண்ணாடியோடு உதிர்ந்த சருகின் பக்கத்தில் குந்திக்கொள்வோம். மேலே காய்ந்த சருகு. அதன் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய சருகு. அதற்கும் கீழே கறுத்த, ஈரமான மண். நடுவில் ஒரு மரவட்டை. "இப்பவும் அடியில குப்பை இருக்கா டீச்சர்?" இருக்கிறது. மக்குவது மக்கி மண்ணாகிவிட்டது. மக்காதது மரத்தின் வேருக்கடியில் அப்படியே கிடக்கிறது. பக்கெட்டில் பார்த்த பாட்டில் துண்டின் ஆயுளைப் புரியவைக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மழைக்காலத்தில் கணக்குப் பாடமும் சூழல் பாடமும் ஒன்றாகிவிடும். பக்கம் நேராக உள்ள ஒரு பாட்டிலும் ஒரு ஸ்கேலும் போதும், மழைமானி தயார். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 30 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 1,500 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 100 குடம். விடிகாலையில் குழாயடியில் நிற்கும் பிள்ளைகளுக்கு 100 குடம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அதே கூரைக்கு 1,888 குடம். மித்தி ஏன் ஊருக்குள் வந்தது, அடைபட்ட நாலாவில் (பெரிய வடிகால்) பிளாஸ்டிக் பைக்கு என்ன பங்கு என்பதெல்லாம் அந்தக் கணக்கின் தொடர்ச்சி. 2018 ஜூன் மாதம் மகாராஷ்டிரத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை அமலானதன் காரணமும் அப்போது விளங்கும்.

அவரவர் பேட்டைக்கு அவரவர் பாடம்

மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகள் ஒரே மரத்தை ஆண்டு முழுக்கக் கவனித்து, இலை உதிர்வதையும் பூப்பதையும் தேதிபோட்டு எழுதலாம். செம்பூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் மாஹுல் எண்ணெய் ஆலைகள், இன்னொரு பக்கம் 1927 முதல் குப்பை கொட்டப்படும் தேவ்னார். 2016 ஜனவரியில் தேவ்னார் எரிந்தபோது புகையால் பள்ளிகளையே மூட வேண்டியதாயிற்று. அதே மாஹுல், சிவ்ரி சேற்றுநிலத்துக்குத்தான் குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. புகையையும் பூநாரையையும் ஒரே நோட்டில் எழுதும் குழந்தை தன் பேட்டையை முழுதாகப் புரிந்துகொள்ளும்.

எங்களுக்குத் தோட்டம் போட இடமில்லை. பெயிண்ட் டப்பாவில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைத்திருக்கிறோம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அவற்றில் முட்டையிடும். சின்னப் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம்போல இருக்கும். வளர்ந்ததும் இலைப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். இலையைத் தின்கிறது என்று புழுவை நசுக்க வந்த பிள்ளைகள், இப்போது அதற்குக் காவல் இருக்கிறார்கள்.

மும்பையில் செடிகளுக்குச் சோதனை மே மாதம். அக்டோபருக்குப் பிறகு மழை கிடையாது; கோடை விடுமுறையில் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்கு ரயிலேறிவிடுவார்கள். அதனால் ஏப்ரலிலேயே பட்டியல் போட்டு, ஊருக்குப் போகாத வீடுகளுக்கு ஆளுக்கொரு டப்பா கொடுத்துவிடுகிறோம். பள்ளி திறக்கும்போது டப்பாக்கள் திரும்பி வர வேண்டும்.

பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைத்தால் நூறு மரக்கன்று வாங்கித் தர வேண்டாம். ஒரு தராசு, நான்கு பூதக்கண்ணாடி, ஒரு நீளமான நோட்டு வாங்கிக் கொடுங்கள். உங்கள் தொழில் எதுவானாலும் ஒரு மணி நேரம் வகுப்புக்கு வந்து பேசுங்கள். அடுத்த மே மாதம் மறக்காமல் ஒருமுறை எட்டிப் பார்த்து, ஜூனில் நட்ட கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு குழந்தை தன் பெயரைச் சொன்னால், அந்தப் பள்ளியில் சூழல் பாடம் நடக்கிறது என்று நம்பலாம்.