கொடைக்கானலில் முதல் மசாஜ்... கதவைச் சாத்தியதும் என்ன நடக்கும்?

சென்னையிலோ பெங்களூருவிலோ பஸ் ஏறி, இரவெல்லாம் உட்கார்ந்தபடியே தூங்கி, வத்தலக்குண்டு தாண்டி வளைவு வளைவாக மலை ஏறி, காலையில் கொடைக்கானலில் இறங்கும்போதே இடுப்பு முறைக்க ஆரம்பித்துவிடும். மறுநாள் வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் வரை இறங்கி ஏறினால் கெண்டைக்காலும் சேர்ந்துகொள்ளும். அன்று ராத்திரி ரிசார்ட் ரூமில் கிடக்கும் அட்டை கண்ணில் படும்: ‘ஸ்வீடிஷ் 60 நிமிடம், அபியங்கம், டீப் டிஷ்யூ...’

போகலாமா? டிரெஸ் எல்லாம் கழற்றச் சொல்வாங்களா? வலிச்சா என்ன பண்றது? இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்று தெரியாமலே சிலர் அட்டையை மூடிவிடுகிறார்கள். சிலர் உள்ளே போய், ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு வருகிறார்கள்.

நான் இரண்டாவது ரகம். முதல் தடவை, தோள்பட்டையில் முழங்கையை வைத்து அழுத்தியபோது உயிர் போய் உயிர் வந்தது. “ஓகேவா?” என்று கேட்டார்கள். “ஓகே ஓகே” என்றேன். எண்ணெய் தேய்த்துவிடும் பாட்டியிடம் ‘வலிக்குது’ என்று சொல்லி நம்மில் யாருக்கும் விடுதலை கிடைத்ததில்லை, அந்தப் பழக்கமாக இருக்கலாம். ஆனால், முறையான மசாஜில் விஷயம் தலைகீழ். மேஜையில் படுத்திருப்பவர் சொல்வதுதான் அங்கே கணக்கு.

கை படுவதற்கு முன்பு சில கேள்விகள்

நல்ல இடத்தில் முதல் பத்து நிமிடம் பேச்சுதான். எங்கே வலி, எத்தனை நாளாக, ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, பிபி, சுகர் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கர்ப்பமா, எதற்காவது அலர்ஜியா என்று கேட்பார்கள். சில இடங்களில் படிவம் தருவார்கள். ‘சும்மா ரிலாக்ஸுக்குத்தானே வந்தோம்’ என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ டிக் அடிக்காதீர்கள். கேட்கவே இல்லை என்றால் நீங்களாகச் சொல்லுங்கள்.

இதில் பஸ்ஸில் வந்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பல மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தே வந்தால், சிலருக்குக் காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். எல்லோருக்கும் வருவதில்லை. சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு, சில நேரம் சிவந்துபோவதும் இருக்கும். மலையேறிய வலி என்றால் பொதுவாக இரண்டு காலிலும் தெரியும். ஒற்றைக் கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைப் பிடித்துவிடச் சொல்லவே கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நேராக டாக்டரிடம் போங்கள். அதோடு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள்.

காய்ச்சல், தோலில் தொற்று, புதுக்காயம் இருந்தால் அன்றைக்கு மசாஜ் வேண்டாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டீப் டிஷ்யூ பக்கம் போகக் கூடாது, ரத்தம் கட்டிவிடும். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே குப்புறப் படுப்பது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஒன்றரை, இரண்டு மணி நேரம் விட்டுப் போங்கள்.

எவ்வளவு கழற்ற வேண்டும்?

எல்லோரும் கேட்க நினைத்து, கூச்சத்தில் கேட்காமல் விடும் கேள்வி. பதில்: உங்களுக்கு எவ்வளவு வசதியோ அவ்வளவு.

வழக்கமாக தெரபிஸ்ட் விவரம் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். நீங்கள் உடை மாற்றி, மேஜையில் படுத்து, மேலே துணியைப் போர்த்திக்கொண்ட பிறகு கதவைத் தட்டிவிட்டு வருவார். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் உள்ளாடை தருவார்கள். உங்களுடையதையே போட்டுக்கொண்டாலும் தப்பில்லை. ஸ்வீடிஷ் முறையில் எந்தப் பகுதியில் வேலை நடக்கிறதோ அந்தப் பகுதியில் மட்டும் துணி விலகும், மற்றதெல்லாம் மூடியே இருக்கும். ஆயுர்வேத அபியங்கத்தில் உடம்பு முழுக்க எண்ணெய் என்பதால் போர்வை குறைவு, கோவணம் மாதிரி ஒரு துணி கட்டிவிடுவார்கள். அதனால்தான் பெரும்பாலும் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று வைத்திருக்கிறார்கள். எந்த முறையாக இருந்தாலும் ஆண் தெரபிஸ்ட் வேண்டுமா, பெண் தெரபிஸ்ட் வேண்டுமா என்று புக் பண்ணும்போதே சொல்லிவிடலாம். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. டிரெஸ்ஸோடுதான் வேண்டும் என்றால், எண்ணெய் இல்லாத தாய் மசாஜ் இருக்கிறது, பாத மசாஜ் இருக்கிறது.

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அறையே ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். குளிரில் தசை இறுகிக்கொள்ளும். அப்போது அழுத்தினால் வலி இரட்டிப்பு. ஹீட்டர் போடச் சொல்லுங்கள், எண்ணெயைச் சூடுபண்ணச் சொல்லுங்கள்.

மேஜையில்...

முதலில் நீளமாகத் தடவுவது, பிறகு பிசைவது, தேய்ப்பது, தட்டுவது, அதிரச் செய்வது. ஸ்வீடிஷ் என்றால் இந்த ஐந்தும்தான். பேர்தான் ஸ்வீடன். இந்த அசைவுகளை வகை பிரித்துப் பெயர் வைத்தவராகச் சொல்லப்படுபவர் 19-ம் நூற்றாண்டு டச்சு மருத்துவர் யோஹான் ஜார்ஜ் மெட்ஸ்கர். நம்மூர் சித்த மருத்துவத்திலும் இதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. பெயர் தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. போகர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பழனி மலை அடிவாரத்தில் இருக்கிறது. ஆனால் மேலே ரிசார்ட் அட்டையில் ‘தொக்கணம்’ என்ற சொல்லை நான் இதுவரை பார்த்ததில்லை.

அழுத்தத்துக்கு ஒரு எளிய கணக்கு வைத்துக்கொள்ளலாம். பத்துக்கு ஐந்து, ஆறு வரை ‘வலிக்குது, ஆனா நல்லாருக்கு’ ரகம். மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள், கை தானாக மூடிக்கொள்கிறது என்றால் ஏழைத் தாண்டிவிட்டது. “கொஞ்சம் மெதுவா” என்று சொல்லிவிடுங்கள். தெரபிஸ்டுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், வெளிமாநிலங்களில் இருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘வயிறு வேண்டாம்’, ‘தலையில எண்ணெய் வேண்டாம்’, ‘பேச வேண்டாம்’ எல்லாமே சொல்லலாம். தூங்கிவிட்டால், குறட்டை விட்டால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

ஒன்றுக்கு மட்டும் கண்டிப்பாக ‘நோ’ சொல்லுங்கள்: கழுத்தைத் திருகி சொடக்கு எடுப்பது. சலூனில் ஓசியாகக் கிடைக்கும் சந்தோஷம்தான், தெரியும். ஆனால் கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். அபூர்வம்தான், ஆனாலும் நடக்கிறது. பார்லரில் தலை அலசக் கழுத்தைப் பின்னால் சாய்த்ததிலேயே ஐந்து பெண்களுக்கு இப்படி மூளை பாதிக்கப்பட்டதை 1993-ல் ஓர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் பதிவு செய்தார்.

கேமராவும் கோர்ட்டும்

‘ஸ்பா’ என்றதும் ஒரு மாதிரி சிரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தச் சந்தேகம் கோர்ட் வரை போனது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம், ஸ்பா, மசாஜ் மையங்களில் சிசிடிவி கேமரா இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அடுத்த மாதமே, 2022 ஜனவரியில், திருச்சி ஸ்பா ஒன்றின் வழக்கில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதற்கு மாறான கருத்தைச் சொன்னார். ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது ஒருவரின் உடல் மீதான உரிமையில் தலையிடுவது, தப்பு நடக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் அதற்குப் போதாது என்றார். 2017-ல் உச்ச நீதிமன்றம் தந்த அந்தரங்க உரிமைத் தீர்ப்புதான் அடிப்படை. திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொடைக்கானலும் மதுரைக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது.

நமக்கு இதில் என்ன? வாசலில், ரிசப்ஷனில் கேமரா இருப்பது சகஜம். உடை மாற்றும், மசாஜ் செய்யும் அறைக்குள் இருந்தால் உடனே கிளம்பிவிடுங்கள். சொல்லாத இடத்தில் கை போனாலும் அப்படித்தான். எழுந்து உட்காருங்கள், “போதும்” என்று சொல்லுங்கள், வெளியே வந்து மேனேஜரிடம் பேசுங்கள். தேவைப்பட்டால் 112, பெண்களுக்கு 181. பாதியில் எழுந்து வருவது உங்கள் உரிமை. தெரபிஸ்டுக்கும் அதே உரிமை உண்டு. ‘எக்ஸ்ட்ரா’ கேட்டுத் தொந்தரவு செய்யும் கஸ்டமரை அவர் பாதியில் நிறுத்தி அனுப்பலாம். இந்த ரெண்டாவது விஷயம் நம்மிடையே பேசப்படுவதே இல்லை.

யார் கை வைக்கிறார் என்பதும் முக்கியம். ‘சிகிச்சை’ என்று விளம்பரம் செய்கிற இடம் என்றால் பி.எஸ்.எம்.எஸ் அல்லது பி.ஏ.எம்.எஸ் படித்துப் பதிவு செய்த மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். சாதாரண ஸ்பா என்றால் தெரபிஸ்ட் எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேட்கலாம். வர்மம் என்று சொன்னால் இன்னும் ஒருமுறை கேளுங்கள்.

நிஜமாகவே பலன் உண்டா?

இடுப்பு வலிக்குக் கொஞ்ச நாள் நிவாரணம் கிடைக்கலாம். அமெரிக்க மருத்துவர்கள் அமைப்பு ஒன்று 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயலக்கூடியவற்றில் மசாஜும் இருந்தது. ஆதாரம் பலமானதல்ல என்பதையும் அதிலேயே சொல்லியிருந்தார்கள். ‘உடம்பில் இருக்கும் நச்செல்லாம் வெளியேறிவிடும்’ என்று யாராவது சொன்னால் புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

ஊருக்கு வாங்கிப் போகும் நீலகிரித் தைலம் பற்றியும் ஒரு வார்த்தை. யூகலிப்டஸ் இலையில் இருந்து வடிப்பது. அதை அப்படியே தோலில் ஊற்றித் தேய்த்தால் எரிச்சல், கொப்புளம் வரலாம். 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 2, 3 மில்லி கலந்தால் போதும். குழந்தைகள் குடித்துவிட்டால் வலிப்பு வரை போகும் விஷம் அது, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

முடிந்ததும் சடாரென்று எழாதீர்கள், தலை சுற்றும். ஒரு நிமிடம் பக்கவாட்டில் திரும்பிப் படுத்து, பிறகு உட்காருங்கள். மறுநாள் ஜிம்முக்குப் போன மாதிரி லேசாக வலிக்கும், ஓரிரு நாளில் போய்விடும். அதையும் தாண்டி வலியோ, மரத்துப்போவதோ இருந்தால் டாக்டரைப் பாருங்கள். பைக்கில் வந்தவர்கள் அன்றைக்கே மலை இறங்கும் திட்டம் வைத்துக்கொள்ள வேண்டாம். எண்ணெய்க் கையோடு கிளட்ச் பிடித்து, பாதித் தூக்கத்தில் அந்த வளைவுகளில் இறங்குவது நடக்கிற காரியமா?