லயத்துப் பாத்தி

களுபோவிலவில் என் வீட்டு முற்றத்தில் ஓராண்டு கோவா நட்டேன். இலைகள் அகல விரிந்தனவேயன்றி உருண்டு திரளவில்லை. இங்குள்ள வெக்கை அதற்கு ஒவ்வவில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் நாம் பேரம் பேசி வாங்கும் கோவாவும் லீக்ஸும் பெரும்பாலும் மலையிலிருந்தே இறங்கி வருகின்றன. அவை வளரும் மண்ணைக் காணும் ஆவல் சென்ற தை மாதம் என்னை நுவரெலியாவுக்கு இட்டுச் சென்றது.

1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்த அவ்வூரில் 1848இல் பண்ணை அமைத்தவர் சாமுவேல் பேக்கர். காட்டின் செழிப்பைக் கண்டு வந்தவர், 1855இல் வெளியான தமது நூலில் இலங்கை மண்ணின் வறுமையைக் கூறி நொந்துகொள்கிறார்.

அவ்வேழை மண் செல்வமானதை நான் கண்டது பெரும் பண்ணையில் அன்று; ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தின் பின்புறத்தில், நான்கே பாத்திகளில். கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர், விடியுமுன் பூவாளியால் இலைகளில் நீர் தெளித்துக்கொண்டிருந்தார். வெயில் படுமுன் உறைபனியைக் கழுவிவிட வேண்டுமாம். உருளைக்கிழங்கின் இலைகள் கருகிக் கிடந்தன; கோவாவும் லீக்ஸும் அசையாது நின்றன. குளிர் மிகும்போது கோவா போன்ற பயிர்கள் தம்முள் சர்க்கரையைப் பெருக்கிக்கொள்கின்றன. அதனால் எளிதில் உறைவதில்லை, சுவையும் கூடுகிறது.

உரம் யாதென வினவினேன். மாட்டெரு, காட்டுச் சூரியகாந்தித் தழை, மண்ணின் புளிப்பு மாற அடுப்புச் சாம்பல், வேறொன்றுமில்லை.

"குளிருல எரு மெதுவாத்தான் மக்குங்க ஐயா. இது எங்க மாமியா காலத்துலயிருந்து போட்டு வந்த மண்ணு."

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது; நவம்பரில் தடை நீங்கிற்று. தடை விதித்தோர் இப்பாத்தியை ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம்.

"இந்தக் காணி உங்களுக்குரியதா, அம்மா?" என்றேன்.

அவர் சிரித்தார். பெரும்பாலான தோட்டங்களைப் போலவே அதுவும் அரசின் நிலம். 1992 முதல் கம்பனி நிருவாகத்தில் இருப்பது. பக்கத்துப் பாத்திகள் அவருடைய மாமனாரின் தம்பி ஆக்கியவை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அக்குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, சட்டி பானைகளைக் கொண்டுசென்றார்கள். மண்ணை விட்டுச் சென்றார்கள்.

"அவுங்க மண்ணு நல்ல மண்ணுங்க. இப்பவும் லீக்ஸு அதுலதான் தடிக்குது" என்று சொல்லியபடியே, மூதாட்டி சாம்பல் தகரத்தை எடுத்துக்கொண்டு அப்பாத்தியை நோக்கி நடந்தார்.