பைக் பிரேக் லீவர் வளைஞ்சிடுச்சா? நிமிர்த்துவதா, மாற்றுவதா?

பார்க்கிங்கில் பக்கத்து வண்டியை எடுத்தவர் லேசாக இடித்திருப்பார். பைக் வலதுபக்கமாகச் சாய்ந்து விழுந்திருக்கும். டேங்க்கில் கீறல் இல்லை, இண்டிகேட்டரும் தப்பித்தது என்று மூச்சு விடும்போதுதான் முன்பக்க பிரேக் லீவர் வளைந்து நிற்பது கண்ணில் படும். நேராகத் தெருமுனை ஒர்க்‌ஷாப். “அண்ணே, இதைக் கொஞ்சம் நிமிர்த்திக் கொடுங்க, ஆபீஸுக்கு லேட் ஆகுது.” ஒரு இரும்பு பைப்பை லீவரில் சொருகி ஒரே அமுக்கு. ரெண்டே நிமிஷத்தில் லீவர் பழையபடி நேராகிவிடும்.

பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெரும்பாலான பைக் லீவர்கள் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டவை. கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமாக வளைத்தால் கடைசியில் பட்டென்று ஒடியும், இல்லையா? வார்ப்பு அலுமினியத்துக்கு அத்தனை தடவைகூடத் தேவையில்லை. விழுந்தபோது ஒரு வளைவு, நிமிர்த்தும்போது எதிர்ப்பக்கம் இன்னொரு வளைவு. பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. டிராஃபிக்கில் மெதுவாகப் பிடிக்கும்போது அது தாங்கும். குறுக்கே யாராவது வந்து, முழு பலத்தோடு இழுக்கும்போதுதான் ஒடியும். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் போவதால், அந்த நேரத்தில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான்.

“சூடாக்கி நிமிர்த்தினா ஒண்ணும் ஆகாது” என்பதும் பாதி உண்மைதான். சூட்டில் எளிதாக வளையும். ஆனால் இரும்பு மாதிரி அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. சூடு அதிகமானால் உறுதியும் போய்விடும். பக்கத்திலேயே ரப்பர் சீலும் பிரேக் ஆயிலும் இருப்பதை மறக்கக் கூடாது.

அப்படியானால் ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஓட்டலாமா? வளைவு எங்கே என்று பாருங்கள். நுனியில் மட்டும் வளைந்து, விரல் எட்டி, முழுசா பிடித்தாலும் ஹேண்டில் பாரில் இடிக்கவில்லை என்றால், நிமிர்த்தாமல் அப்படியே மெதுவாகப் போகலாம். போல்ட் இருக்கும் அடிப்பகுதியில் வளைந்திருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

கம்யூட்டர் பைக்குகளுக்குப் புது லீவர் சில நூறு ரூபாய்தான். கடையில் பைக் பெயரை மட்டும் சொன்னால் போதாது. டிரம் பிரேக் லீவர் கேபிளை இழுக்கும். டிஸ்க் பிரேக் லீவர் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். ரெண்டும் வேறு வேறு. பழைய லீவரைக் கையோடு எடுத்துப் போனால் குழப்பமே இல்லை.

மாற்றுவது சின்ன வேலை. டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் கீழே உள்ள நட்டைக் கழற்றி, மேலே உள்ள போல்ட்டை எடுத்தால் லீவர் கையோடு வந்துவிடும். ஆயில் லைனைத் தொட வேண்டாம். காற்று எடுக்கும் வேலையும் இல்லை.

பலரும் கோட்டை விடுவது அதற்கு அப்புறம். கைவிட்டதும் லீவர் பிஸ்டனை முழுசாக விட்டுவிட வேண்டும்; அதனால் தொடக்கத்தில் கொஞ்சம் லூஸ் இருப்பது அவசியம். பொருந்தாத லீவர் பிஸ்டனை லேசாக அமுக்கிக்கொண்டே இருந்தால், ஆயில் டேங்குக்குத் திரும்பும் சின்னத் துளை அடைபடும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும். போக வழியில்லாமல் பேடை அழுத்தும். பிரேக் தானாகவே பிடிக்க ஆரம்பிக்கும், கடைசியில் வீல் லாக் ஆகலாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்வீலைத் தரையிலிருந்து தூக்கி, பிரேக்கைப் பலமுறை பிடித்து விட்டுச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

சாவியைப் போட்டு, பிரேக் பிடித்தால் பின்னால் லைட் எரிகிறதா, விட்டால் அணைகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். லீவருக்கு அடியில் உள்ள குட்டி ஸ்விட்ச் விழுந்த வேகத்தில் உடைந்திருக்கலாம். லைட் எரியாவிட்டால் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பதே தெரியாது.