பாலைவனத்தில் ஒரு பனித்தளம்

அட்டாளைச்சேனையிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் பலர். அபுதாபியில் இருந்தவர்கள் ஸாயித் விளையாட்டு நகரை அறிந்திருப்பார்கள். வெளியே வெயில் 40 பாகையைத் தாண்டும் மாதங்களிலும் அங்கே ஒரு மண்டபத்தின் தரை உறைந்தே கிடக்கும். ஸஹ்ரா லாரி என்ற எமிரேட்ஸ் சிறுமி, பனியில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பழகியது அங்கேதான். படமொன்றைப் பார்த்து ஆசைப்பட்டு, 12 வயதளவில் தொடங்கினார். நாலைந்து வயதிலேயே பிள்ளைகள் இறங்கிவிடும் விளையாட்டுக்கு அது பிந்திய வயது.

இதைப் பழகுபவர் விழவும் எழவும் பழகிய பிறகு, சப்பாத்தின் அடியிலுள்ள அலகை அறிய வேண்டும். கத்திபோல் ஒற்றைக் கூர் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது சுமார் 4 மில்லிமீற்றர் தடிப்பான உருக்கு. அடிப்பக்கத்தை நீளவாக்கில் குடைந்திருப்பதால் இரு ஓரமும் இரண்டு விளிம்புகளாக நிற்கின்றன. உட்பக்கம் சாய்ந்தால் உள்விளிம்பு பனியைக் கடிக்கும், வெளிப்பக்கம் சாய்ந்தால் வெளிவிளிம்பு. அக்கரைப்பற்று வீதி வளைவில் சைக்கிளோடு உடம்பையும் சாய்த்துத் திரும்புகிற அதே வித்தை. லட்ஸ் என்ற பாய்ச்சலுக்கு வெளிவிளிம்பிலிருந்து எழ வேண்டும், ஃபிளிப்புக்கு உள்விளிம்பிலிருந்து. அந்த 4 மில்லிமீற்றருக்குள் கால் மறுபக்கம் புரண்டாலும் நடுவர்கள் காணொளியைத் திரும்பப் பார்த்துப் புள்ளியைக் குறைப்பார்கள்.

ஸஹ்ராவுக்குப் புள்ளி குறைந்தது வேறொன்றால்.

அவருடைய வாப்பா முதலில் போட்டிக்கு விடவில்லை. பலர் முன்னிலையில் மகள் ஆடுவது அவருக்கு ஒப்பவில்லை. பிறகு போட்டியொன்றைப் பார்க்கப் போன இடத்தில், மற்றப் பிள்ளைகளுக்காக மகள் ஆர்ப்பரிப்பதைக் கண்டு மனம் மாறினார். 2012 இல் இத்தாலியின் கனசேயியில் நடந்த ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் ஸஹ்ரா முக்காட்டோடு ஆடினார். முக்காட்டுக்காகவே புள்ளி கழித்தார்கள். அவர் அதைக் கழற்றவுமில்லை, விளையாட்டை விடவுமில்லை. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்திடம் எடுத்துச் சொன்னார். பின்னர் அனுமதி வந்தது. 2017 சப்போரோ ஆசியக் குளிர்கால விளையாட்டிலும் முக்காட்டோடுதான் ஆடினார்.

அட்டாளைச்சேனை போன்ற கரையோர ஊர்களில் பெண்பிள்ளை வளர்ந்ததும் ஓட்டமும் பாய்ச்சலும் நின்றுபோகின்றன. காரணமாக உடுப்பைச் சொல்கிறார்கள். உடுப்புக்கு வழி இருக்கிறது. பாடசாலை மண்டபத்தில் மாலை ஒரு மணித்தியாலமும் ஒரு பெண் பயிற்றுநரும் கிடைக்காமல் போவதுதான் பெரிய குறை, அதைத் தீர்ப்பது பெரியவர்களின் கையில்.

பனி இல்லாத ஊருக்குச் சில்லுச் சப்பாத்து உண்டு. பாய்ச்சல், சுழற்சி எல்லாம் அதிலும் ஆடுகிறார்கள். இந்தியாவின் அனூப் குமார் யாமா 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் அப்படித்தான் இரண்டு வெண்கலம் வென்றார். வழுவழுப்பான சீமெந்துத் தளம் போதும். அதுவும் அமையும்வரை ஒற்றைக் காலில் நிற்பதையும் கயிறடிப்பதையும் முற்றத்தில் பழகலாம். பனித்தளத்துப் பிள்ளைகளும் சப்பாத்தைக் கட்டுமுன் இவற்றைச் செய்கிறார்கள்.